நிலமும் பொழுதும்: உயர்நிலைப் பள்ளிச் சமூக அறிவியல் நூல்கள்

தமிழ் உரைநடையை ஆராய்வோர் புதினம், சிறுகதை, கட்டுரை ஆகியவற்றை எடுத்துக்கொள்வரேயன்றிப் பள்ளிப் பாடநூல்களைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், தமிழ்வழிப் பயில்வோருட் பெரும்பாலோர் உலக வரலாற்றையும் புவியியலையும் முதன்முதல் முறையாகக் கற்பது அந்நூல்கள் வாயிலாகவே. ஆதலின், தமிழ்நாட்டில் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் முறையே நடைமுறைக்கு வந்த ஒன்பதாம், பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல்களை ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் அவற்றின் சிறப்பைக் கூறுதல் முறை. இரேனியசு பாதிரியார் 1832இல் ‘பூமிசாஸ்திரம்’ என்னும் நூலை வெளியிட்டபோது இத்துறைக்கு நிலைபெற்ற தமிழ்ச் சொற்கள் இல்லை. இன்றோ நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்பன பதினான்கு அகவை மாணவர்க்கும் பழகிய சொற்களாயின. கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த அறிஞர்தம் வெற்றி இது.

குறை சொல்லில் இல்லை. பொருளை அடுக்கிய முறையில் உள்ளது. வரலாறு ஒரு பகுதி, புவியியல் வேறொரு பகுதி. தேர்விலும் காலக்கோடு ஒரு வினா, நிலவரைபடம் மற்றொரு வினா. மாணவன் ஆண்டைக் குறிக்கின்றான், ஆற்றையும் குறிக்கின்றான். அந்நிகழ்ச்சி அவ்விடத்தில் அக்காலத்தில் ஏன் நிகழ்ந்தது என எண்ணும் வாய்ப்பு அவனுக்கு அரிதாகவே கிட்டுகின்றது.

தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்றார். திணைக்கோட்பாடு அகப்பாடலின் மரபேயன்றிப் புவியியல் அன்று என்று சிலர் மறுக்கலாம். அம்மறுப்பு பொருந்துவதே, தொல்காப்பியத்தைப் புவியியல் நூலாக்க நாம் முயலவில்லை. மக்கள் வாழ்க்கையைப் பேசப் புகுவார் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே கொள்ளல் வேண்டும் என்னும் சிந்தனை முறையையே அதனின்று கொள்கின்றோம்.

ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சார்ந்த சந்தவாசலைச் சான்றாகக் கொள்வோம். பட்டு சீனத்திற் பிறந்தது. அந்நாட்டார் நெடுங்காலம் காத்த அக்கலை, ஏறத்தாழ 552இல், சசுடீனியன் பேரரசன் காலத்திற் பட்டுப்புழு முட்டைகள் வாயிலாகக் கான்சுதாண்டிநோபிளை அடைந்தது. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் பட்டாடையை மாற்றி மெல்லிய ஆடை உடுத்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. இக்காலத்தில் மல்பெரி வளர்ப்பிற்குக் கருநாடகமும் சரிகைக்குச் சூரத்தும் பெயர்பெற்றுள்ளன. ஆரணித் தறியிலுள்ள ஒரு சேலையைக் கொண்டே ஆசிரியர் ஆசிய நில அமைப்பையும், வாணிக வழிகளையும், பேரரசுகளின் வரலாற்றையும் விளக்கவியலும்.

சந்தவாசலுக்கு அணித்தாயுள்ள படைவீடு பதினான்காம் நூற்றாண்டிற் சம்புவராயரின் தலைநகராய் விளங்கியது. சவ்வாது மலையடியில் அவர்கள் தலைநகர் கொண்டமைக்குக் காரணம் மலையரணா, நீர்வளமா, பெருவழியா? வரலாறும் புவியியலும் ஒருங்கு சேர்ந்தாலன்றி இவ்வினா விடை பெறாது.

மாநிலம் முழுமைக்கும் பொதுவான நூலில் ஒவ்வோர் ஊரையும் எழுதவியலாது என்பது உண்மை. நாம் வேண்டுவது அதுவன்று. ஒவ்வோர் உலக வரலாற்றுப் பாடத்தின் இறுதியிலும், மாணவன் தன் ஊரின் தொழிலையோ, ஆற்றையோ, பழைய கோட்டையையோ அப்பாடத்தோடு இணைத்து எழுதுமாறு ஒரு வினா அமையட்டும். அதற்கு வரைபடமும் காலக்கோடும் ஒருங்கே வேண்டப்படட்டும். தேர்விலும் அதற்கு மதிப்பெண் உண்டாகட்டும். மதிப்பெண் இல்லாத வினா வகுப்பறையில் நிலைபெறாது என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

இதன்கண் தமிழ்த் துறைகட்கும் பொறுப்பு உண்டு. கலைச்சொல் ஆக்கித் தருவதோடு நம் பணி முடிந்துவிடவில்லை. அச்சொற்களால் எழுதப்பெறும் உரைநடை, தறியொலி கேட்டு வளரும் மாணவன் தன் ஊரும் உலகின் ஒரு பகுதியே என உணரச் செய்கின்றதா என ஆராய்தலும் திறனாய்வின் கடமையேயாகும்.