பாட வல்லாரும் பாடுவிக்க வல்லாரும்

நன்னூலார் தம் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை உவமையாக்கினார். ஆசிரியர் ஆகாதார்க்கும் நான்கு உவமைகள் கூறினார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. இவற்றுள் பருத்திக் குண்டிகை ஆழ்ந்து நோக்கத்தக்கது. குடுக்கைக்குள் பஞ்சைத் திணிப்பதும் அரிது. திணித்ததை வெளியே எடுப்பதும் அரிது. வருந்திக் கற்றும், கற்றதைப் பிறர்க்கு எளிதின் வழங்க மாட்டாதவர் அத்தகையர். பள்ளிக்கு இசையாசிரியராக ஒருவரை ஆயத்தம் செய்ய இன்று வழங்கும் முறைகளை ஆராயுங்கால், நாம் உருவாக்குவது ஆசிரியரையா, பஞ்சடைத்த குண்டிகையையா என்னும் ஐயம் எழுகின்றது. பாட வல்லார் எல்லாரும் பாடுவிக்க வல்லார் ஆகார். இவ்விரு வன்மையும் வேறு வேறு என்பதை நம் தேர்வு முறைகள் இன்னும் முழுதும் உணரவில்லை என்பதே இக்கட்டுரையின் குறை கூறல்.

மலைமேற் பள்ளிகள்

இக்குறையை அளந்தறியப் பெருநகர்ப் பள்ளி பயன்படாது. அங்கே பள்ளியிற் கிடையாத இசையைப் பெற்றோர் மாலை வகுப்பில் விலைகொடுத்து வாங்கித் தருவர். வேறு போக்கில்லாத சிறு பள்ளியே சரியான உரைகல். மலேசியாவில் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டெழுதியமையால் அவர் பெயர் பெற்ற மலை அது. 1929இல் ரஸ்ஸல் என்பார் நிறுவிய போ தோட்டத்தோடு தேயிலைத் தொழில் அங்கே வேரூன்றியது. தேயிலையோடு தமிழரும் வேரூன்றினர். தானா ராத்தா, ரிங்லெட் போன்ற ஊர்களிலும், போ, சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. இன்று கொழுந்து பறிப்போரிற் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்கள் பல சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டன. 150க்குக் குறைந்த மாணவரையுடைய பள்ளிகளைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' எனத் தனியே வகைப்படுத்துகிறது. நாடெங்கும் தோட்டப் பள்ளிகள் பல இவ்வகையில் அடங்குவன. இத்தகைய பள்ளியில் ஒருவரே கணக்கும் கற்பிப்பார், இசையும் கற்பிப்பார். அவர் வாய் திறவாவிடில் அப்பிள்ளைகளுக்கு இசைக்கல்வி என்பதே இல்லை.

ஆனால் இசையே இல்லாத இடத்திற்கு அவர் செல்லவில்லை. லயன் வீடுகளில் தாலாட்டு இருந்தது; மாரியம்மன் திருவிழாவில் கும்மியும் கோலாட்டமும் உறுமிமேளமும் இருந்தன; முருகன் கோயிலில் பஜனையும் திருமுறையும் இருந்தன. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டியால் பண்ணோடு பாடும் சிறுவர் இன்றும் உளர். இந்த முதல் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. வரும் ஆசிரியர் அதனை எடுத்தாளப் பயின்று வருகிறாரா என்பதே வினா.

மூன்று வழிகள்

தமிழுலகில் இசையாசிரியர் ஆவதற்கு மூன்று பெருவழிகள் அமைந்தன.

முதலாவது தமிழ்நாட்டு வழி. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் இசைக் கல்லூரி கண்டார். 1931இல் சென்னை மியூசிக் அகாடமி இசையாசிரியர்க்கென்றே ஒரு கல்லூரி தொடங்கிற்று. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வராக விளங்கினார். 1949இல் அரசினர் கருநாடக இசைக் கல்லூரி எழுந்தது. பேராசிரியர் சாம்பமூர்த்தி இசை கற்பித்தலைப் பற்றித் தனி நூலே எழுதினார். கற்பித்தல் தனிக் கலை என்பதை இப்பெரியோர் அறிந்தே இருந்தனர். இவற்றோடு, அரசுத் தேர்வில் கீழ்நிலையும் மேல்நிலையும் தேறித் தொழிலாசிரியர் சான்றிதழ் பெறும் வழியும் நெடுங்காலமாக உண்டு. ஆயின் பணிக்கு ஆளெடுக்கும் வாயிலில் நடந்தது யாது? 2017இல் ஓவியம், தையல், உடற்கல்வி ஆகியவற்றோடு இசைக்கும் சிறப்பாசிரியரைத் தேர்ந்தெடுத்தபோது, கொடுத்த விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் எழுத்துத் தேர்வே தலைமை பெற்றது. தொண்டையும் செவியும் கொண்டு செய்யும் தொழிலுக்கு விரலும் எழுதுகோலுமே சான்று கூறின! பல்லாயிரவரிடையே நடுவுநிலை காக்க அம்முறை எளிது என்பர். நடுவுநிலை வேண்டுவதே. ஆயினும் நிறைகோல் எதை நிறுக்கவேண்டுமோ அதை நிறுத்தாலன்றோ பயன்?

இரண்டாவது யாழ்ப்பாண வழி. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, வாய்ப்பாட்டும் கருவியிசையும் நடனமும் தரந்தரமாகத் தேர்வு வைத்து ஆசிரியர் தரம்வரை மாணவரை ஏற்றிச் செல்கிறது. 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சிற்றூர்ச் சிறுமிக்கும் படிப்படியாக ஏறும் ஏணி ஒன்றை வைத்த பெருமை யாழ்ப்பாணத்தாரைச் சாரும். ஆனால் ஏணியின் ஒவ்வொரு படியும், ஏறுபவர் தாமே பாடிக் காட்டுவதற்கு உரியது. மற்றவரை ஏற்றிவிடுவதற்கு உரிய படி குறைவு. இத்தனை கீர்த்தனம், இத்தனை வர்ணம் எனக் கணக்கிட்டுப் பயின்றவர், கீர்த்தனமே கேட்டறியாத முப்பது சிறுவர்முன் நிற்கும்போது எதிலிருந்து தொடங்குவார்?

மூன்றாவது மலேசிய வழி. 1983இல் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் எல்லா மொழிப் பள்ளிக்கும் இசைக்கல்வியைப் பாடமாக்கியது. இது தோட்டப் பிள்ளைக்கும் நகரப் பிள்ளைக்கும் ஒரே உரிமை வழங்கிய நற்செயல். எஸ்.பி.எம். தேறியோர் அடிப்படை வகுப்பு முடித்து ஆசிரியர் கல்விக் கழக வளாகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்புப் பயில்வர். ஐங்கோட்டுக் குறியீடும், டோ ரே மீ என்னும் சுரப் பெயர்களும், ரிக்கார்டர் குழலும் இப்பாடத்தின் கருவிகள். வகுப்பறையை முன்வைத்து அமைந்ததால், ஒரு வகையில் மூன்றினுள் இதுவே ஆசிரியத் தொழிலுக்கு அணுக்கமானது. குறை வேறிடத்தில் உள்ளது. கருவிகள் மேனாட்டிலிருந்து வந்தன. பாட்டுத் தமிழில் இருக்கவேண்டும். இரண்டையும் பிணைக்கும் வேலை வகுப்பாசிரியர் தலையில் விழுகின்றது. அவ்வேலைக்கு எவரும் அவரை ஆயத்தம் செய்யவில்லையெனின், புத்தகத்திற் கண்ட பாட்டை ஒலிப்பதிவில் ஓடவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பார்.

ஐந்து சுரங்களில் ஓர் உடன்பாடு

இந்நிலையில் இரு சாரார் வாதிடுவர். மேனாட்டு முறை நம் இசைக்குப் பகை, அதனை அகற்றுக என்பார் ஒரு சாரார். பாடத்திட்டம் கூறுவதே இசை, வீட்டுப் பாட்டு வகுப்புக்கு ஆகாது என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் பொருந்தா.

டோ ரே மீ முறையில் டோ ஓரிடத்தில் நிலைத்து நிற்கவேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் சாரா குளோவர் வகுத்து, ஜான் கர்வென் பரப்பி, ஹங்கேரியில் கொடாய் வளர்த்த வகுப்பறை முறையில் டோ இடம் பெயரும். பாடுவோர் குரலுக்கு ஏற்ற இடத்தில் அதனை வைத்துக்கொள்ளலாம். நம் ஆதார சட்சமும் அத்தகையதே. 1 கட்டையிலும் பாடுவோம், 5 கட்டையிலும் பாடுவோம், ச சவேயாகும். பகை எனப்பட்டவை அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. சுரத்துக்கொரு கையடையாளம் காட்டிப் பாடுவிப்பதும் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி கன்னியர் எழுவரைக் குரல், துத்தம் முதலிய ஏழு சுரங்களின் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிறாள். கண்ணால் காணும் சுரங்களாக மகளிரையே நிறுத்திய அக்காட்சியில் ஒரு சிறந்த இசை வகுப்பு அடங்கியிருக்கிறது.

அக்குரவைக்குரிய முல்லைத் தீம்பாணி இன்றைய மோகனமே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ச ரி க ப த என்னும் ஐந்து சுரம். டோ ரே மீ சோ லா என்றாலும் அவையே. கொடாய் முறை சிறுவர்க்கு முதலில் பழக்குவதும் இந்த ஐந்து சுரப் பாட்டுகளையே. சீனர் இசையின் ஐந்து சுர அமைப்புகளுள் தலையாயதும் இதுவே. ஆதலின் பக்கத்துச் சீனப்பள்ளிப் பிள்ளைக்கும் இது அயலன்று.

இனிக் குழலுக்கு வருவோம். தொடக்க வரிசைகளுக்கு நாம் வழங்கும் மாயாமாளவகௌளையை ரிக்கார்டரின் கீழ்ச் சுரமாகிய சி-யைச் சட்சமாகக் கொண்டு ஊதினால், சுத்த ரிஷபம் அரைத்துளை கேட்கும். சுத்த தைவதம் இடைவிரல் விட்டுப் பிடிக்கும் பிடி கேட்கும். பத்து வயதுச் சிறு விரலுக்கு இவை வருத்தம். மாறாக 5 கட்டையாகிய ஜி-யைச் சட்சமாக்கி மோகனத்தை எடுப்போம். இடக்கையின் மூன்று விரலில் ச, இரண்டில் ரி, ஒன்றில் க. வலக்கை விரல் இரண்டைச் சேர்த்தால் கீழ்த் தைவதம், மூன்றைச் சேர்த்தால் கீழ்ப் பஞ்சமம். அரைத்துளையும் இல்லை, இடைவிரல் விடுதலும் இல்லை. முதலிற் கற்பிக்கும் எளிய சுரங்களிலேயே ஒரு தமிழ்ப் பண் முழுமையாகக் கிடைக்கின்றது. சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்தால் குழலும் குரலும் அதன்மேல் ஒன்றி நிற்கும். கமகம் எங்கே என்று வினவலாம். வீட்டு வாசலே வீடாகாது; ஆனால் வாசல் வழியேதான் உள்ளே செல்லவேண்டும்.

ஆயத்தம் எங்கே தொடங்குவது?

பாடுவிக்கும் வன்மை வானத்திலிருந்து வருவதன்று. அதற்கும் பயிற்சி முறை உண்டு. ஆசிரியர் ஒரு சிறு தொடரைப் பாடவேண்டும். பிள்ளைகள் திருப்பிப் பாடும்போது தாம் வாய்மூடிக் கேட்கவேண்டும். கூடவே பாடும் ஆசிரியர்க்குத் தம் குரலே கேட்கும். பிள்ளை பிழைத்த இடம் கேளாது. ஆண் ஆசிரியர் தாழ்ந்த குரலிற் பாடினால் சிறுவர் அக்குரலைத் தேடிக் கீழே இறங்கி உறுமுவர். அப்போது சுருதி சேர்ந்த பிள்ளை ஒன்றைப் பாடச் சொல்லி மற்றவரைப் பின்பற்றச் செய்தல் வேண்டும். மலைக் குளிரில் ரிக்கார்டர் முதலிற் சுருதி தாழ்ந்து ஒலிக்கும். மூச்சின் ஈரம் ஊதுவாயில் படிந்து அடைக்கும். குழலைச் சிறிது நேரம் கைக்குள் வைத்துச் சூடாக்கிய பின்னரே ஊதுவிக்கவேண்டும். இத்தகைய நுட்பங்களை எழுத்துத் தேர்வு கேட்பதில்லை. கச்சேரி மேடையும் கேட்பதில்லை.

எல்லாவற்றினும் பெரிது, சுருதி சேராத பிள்ளையை ஆசிரியர் நடத்தும் முறை. 'உனக்குச் செவியில்லை, பின்வரிசையில் நின்று வாயசை' என்ற ஒரு சொல் போதும். அப்பிள்ளை வாழ்நாள் முழுதும் பாடாது. செய்யவேண்டுவது எளிது. பிள்ளை எந்தச் சுரத்தில் நிற்கிறதோ, முதலில் ஆசிரியர் அங்கே சென்று அதனோடு சேர்ந்து பாடவேண்டும். இரு குரலும் ஒன்றும் இன்பத்தை ஒருமுறை செவி கண்டுகொண்டால், அங்கிருந்து சிறிது சிறிதாக மேலே அழைத்து வரலாம். நிலம்போல் பொறுமை என நன்னூலார் கூறியது இதற்கும் பொருந்தும்.

அடுத்து, பயிற்சி பெறுவோர் ஒவ்வொருவரும் தாம் செல்லும் ஊரில் பத்துப் பாட்டேனும் கேட்டெழுதிச் சுரப்படுத்துதல் வேண்டும். மூதாட்டியரிடம் பணிந்து கேட்டால் தாலாட்டும் கும்மியும் கிடைக்கும். ஒப்பாரியைச் சாவு வீட்டுக்கு வெளியே பாட அவர்கள் இசையமாட்டார்கள். அதனை வற்புறுத்தலும் தகாது. குடும்பங்கள் மலையை விட்டு இறங்க இறங்க இப்பாட்டுகளும் இறங்கி மறைகின்றன. தோட்டத்துப் பாட்டைக் கேட்டெழுதக் கற்ற ஆசிரியர், இசையிலக்கணத்தையும் அதே வேளையில் கற்றுக்கொள்கிறார். பாட்டும் பிழைக்கிறது, பாடமும் நடக்கிறது.

முடிவாக, தேர்வு நடத்தும் அவைகளுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வரைப் பாடச் சொல்லுங்கள், இலக்கணமும் கேளுங்கள். இறுதியாக அவரைச் சிறுவர் இருபதின்மர் முன் நிறுத்தி, அவர்கள் அறியாத பாட்டொன்றை அரைமணி நேரத்தில் கற்பிக்கச் செய்யுங்கள். பின்பு அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பெண்ணை அவர்கள் பாட்டுக்கு இடுங்கள். கேமரன் மலையின் சிறு பள்ளிக்கு ஏற்ற ஆசிரியர் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.