தொப்பிக்குத் தலைவணங்காதவர்கள்: ஆல்ப்ஸ் மலைக்கதைகளும் ஜெர்மன் மொழி நாடகமும்

ஆல்ப்ஸ் மலைநாட்டுத் தொன்மங்களிலிருந்து பிறந்த ஜெர்மன் மொழி நாடகங்களுள் இன்றளவும் மிகுதியாக மேடையேறுவது, 1804 மார்ச் 17 அன்று வைமார் நகரில் அரங்கேறிய ஷில்லரின் ‘வில்ஹெல்ம் டெல்’ ஆகும். கம்பத்தில் மாட்டிய ஆளுநரின் தொப்பிக்கு வணக்கம் செலுத்தாத குற்றத்துக்காக, மகனின் தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பெய்து வீழ்த்துமாறு பணிக்கப்பட்ட வேட்டைக்காரனின் இக்கதை, 1470ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ‘ஸார்னென் வெள்ளை நூல்’ என்னும் கையெழுத்துச் சுவடியில்தான் முதன்முதலாக எழுத்துவடிவில் கிடைக்கிறது. டெல் என்றொருவன் வாழ்ந்தான் என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. சுவிட்சர்லாந்தை ஒருமுறையும் கண்டிராத ஷில்லர், 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான சூடி எழுதிவைத்ததை முதன்மையாகக் கொண்டு கதை நிகழும் ஏரியையும் மலைகளையும் மேடையில் எழுப்பினார்.

இந்நாடகத்தைக் குடிமைத் துணிவின் இலக்கணமாகக் கொள்வது நெடுநாளைய வழக்கம். குடிமைத் துணிவு என்பது போர்க்களத்து வீரம் அன்று. தன்னைச் சேர்ந்தவர்கள் வாய்மூடி நிற்கையில், தனக்கு வரக்கூடிய தீங்கை அறிந்தே, அநீதியை அநீதி என்று அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்வது. அந்த அளவுகோலைக் கையிலெடுத்தால் டெல்லைவிட வேறு சிலரே நாடகத்தில் உயர்ந்து தெரிகின்றனர். பிடிபட்ட டெல், தான் அவமதிக்க எண்ணவில்லை, கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஆளுநர் கெஸ்லரிடம் மன்னிப்பே கேட்கிறான். மூன்று மலைநாடுகளைச் சேர்ந்தோரும் இரவில் ரூட்லி புல்வெளியில் கூடி உறுதிமொழி எடுக்கும்போதும் அவன் அங்கு இல்லை. ஆப்பிள் காட்சியில் நெடுநேரம் பொறுத்திருந்து, பின்னர் ஆளுநரின் பரிவாரத்திலிருந்தே முன்வந்து இது கொடுமை என்று உரைப்பவன் ரூடென்ஸ் என்னும் இளம் பிரபு. அவனும் கெஸ்லரும் மோதிக்கொள்ள, எல்லார் கண்ணும் அவர்கள்மேல் இருக்கும் வேளையில் அம்பு பாய்ந்துவிடுகிறது. ஆப்பிள் விழுந்த செய்தியைக் கூட்டத்திலிருந்த ஷ்டௌஃபாகர் கூவித்தான் மற்றவர்கள் அறிகின்றனர். புகழ்பெற்ற அந்த அம்பை ஷில்லர் ஓரத்துக்குத் தள்ளி, மறுத்துப் பேசும் வாயை மேடையின் நடுவில் நிறுத்தியது தற்செயலாக இருக்க முடியாது. 1941இல் ஹிட்லரின் ஆணையால் இந்நாடகம் ஜெர்மானிய அரங்குகளிலும் பள்ளிகளிலும் தடைசெய்யப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

பின்வந்தோர் இத்துணிவு இல்லாமற்போகும் இடத்தையே பேசினர். மாக்ஸ் ஃப்ரிஷின் ‘அண்டோரா’ (சூரிச், 1961), பெயரளவில் மட்டும் மலைநாடான ஒரு கற்பனை நாட்டில், யூதன் என்று தவறாகக் கருதப்பட்ட ஆண்ட்ரி என்னும் இளைஞனைக் கைவிட்ட ஊராரை ஒருவர்பின் ஒருவராகச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறது. தாம் குற்றவாளியல்லர் என்றே அவர்கள் சாதிக்கின்றனர், பாதிரியார் ஒருவரைத் தவிர.

ஹான்ஸ்யோர்க் ஷ்னைடரின் ‘ஸென்னென்டுன்ச்சி’ (1972) உண்மையான மலைக்கதையொன்றில் ஊன்றி நிற்கிறது. கோடையில் உயர்மலை மேய்ச்சல் நிலத்தில் தங்கும் மேய்ப்பர்கள் வைக்கோலாலும் கந்தலாலும் பெண்பொம்மை செய்து, சோறூட்டி, இழிவுபடுத்த, அது உயிர்பெற்று, அவர்கள் இறங்கும் நாளில் ஒருவனை மட்டும் நிறுத்திக்கொண்டு தோலுரித்துக் குடிசைக் கூரையில் பரப்புகிறது. இக்கதையில் தடுத்துப் பேசுவார் ஒருவரும் இல்லை. அந்தப் பொம்மையே பழிதீர்க்க வேண்டியதாகிறது.

ஃபெலிக்ஸ் மிட்டெரரின் ‘யேகர்ஷ்டெட்டர்’ (வியன்னா, 2013) தொன்மத்தை முற்றிலும் விட்டுவிடுகிறது. ஹிட்லரின் படையில் போரிட மறுத்து 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை துண்டிக்கப்பட்ட மேல் ஆஸ்திரிய உழவர் ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டருக்கு ரூட்லியும் இல்லை, உறுதிமொழித் தோழரும் இல்லை. பாதிரியாரும் உறவினரும் பணிந்துபோகவே அறிவுரை கூறினர். மூன்று பெண்குழந்தைகளோடு தனித்து நின்ற மனைவி ஃப்ரான்சிஸ்காவுக்குப் போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் விதவை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. மலைநாட்டுக் குடிமைத் துணிவை இனி எழுதப்போகும் நாடகாசிரியர்களுக்கு டெல்லின் அம்பைவிட, கணவருக்குத் துணைநின்று ஊரின் கசப்பையும் சுமந்த இப்பெண்ணின் பிற்கால வாழ்வே வளமான பொருளாகும்.