வாட்டமும் ரசமட்டமும்

குளியலறைத் தரை சமமாக இருந்தால் நம் ஊரில் அதுதான் குறை. குளிப்பதும் கழுவுவதும் ஒரே அறையில் என்பதால், 100 செ.மீ.க்கு 1 செ.மீ. அளவிலாவது தண்ணீர் வடியும் நஹானி டிராப் பக்கம் வாட்டம் கொடுத்துத்தான் கொத்தனார் டைல்ஸ் ஒட்டுகிறார். அந்தத் தரையில் அரை மீட்டர் நீள அடிப்பாகமுள்ள வெஸ்டர்ன் கிளாசட்டை ரசமட்டத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு முனை 5 மி.மீ. தூக்கி நிற்கும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் மேடு பள்ளமும் சேர்ந்துகொள்ளும். இந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது?

பெரும்பாலும் ஒயிட் சிமெண்ட்தான். விலை குறைவு, பார்வைக்குச் சுத்தம், அரை நாளில் வேலை முடியும். சிமெண்டின் கெட்டித்தன்மையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழவழப்பான பீங்கானிலும் டைல்ஸிலும் அது சரியாகப் பிடிப்பதில்லை, காயும்போது சுருங்கவும் செய்கிறது. உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் கிளாசட் மயிரிழை அசைந்தால் போதும், சில மாதங்களில் விளிம்பு பொரிந்துவிடும். அடி முழுக்கச் சிமெண்டில் புதைத்திருந்தாலோ, பின்னால் கழற்ற நேரும்போது கிளாசட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆட்டம் வெறும் தொல்லை என்று நினைக்கிறவர்கள் அடியில் உள்ள இணைப்பை மறந்துவிடுகிறார்கள். பிளம்பர்கள் வாட்டர் சீல் என்று சொல்லும், சுமார் 50 மி.மீ. ஆழமுள்ள நீர் கிளாசட்டுக்குள்ளேயே நிற்கிறது. சாக்கடைக் காற்றைத் தடுப்பது அதுதான். தரைக்குழாயோடு சேரும் இணைப்பு அந்த நீரைத் தாண்டி இருக்கிறது. ஆடி ஆடி அந்த இணைப்பு விட்டுப்போனால், உள்ளே தண்ணீர் நின்றும் பயனில்லை. காற்று தரைவழியே அறைக்குள் வந்துவிடும். 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே வந்த விஷவாயு மூன்று உயிர்களைப் பறித்தது. கிளாசட் பொருத்தியதில் இருந்த பிழைதான் அங்கே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காற்று எதைச் செய்ய வல்லது என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்துவிட்டது. அதன் பிறகும் இந்த இணைப்பை அலட்சியப்படுத்த முடியாது.

சிமெண்டுக்கு மாற்றாகச் சொல்லப்படும் சிலிக்கான் நீளும், சுருங்கும், பீங்கானைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அது பாரம் தாங்காது. ஆடுகிற கிளாசட்டைச் சுற்றிச் சிலிக்கான் பூசுவது நோயை மூடிவைப்பது. பாரத்தை ஏற்க வேண்டியது ஆப்பு. மட்காத பிளாஸ்டிக் ஆப்பு. மரச்சில்லு ஊறி நைந்துவிடும். சுவரில் தொங்கும் கிளாசட் தரைப் பிரச்சினையையே ஒழித்துவிடும் என்பது உண்மைதான்; சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கற்சுவரை மட்டும் நம்பி நான் அதற்குத் துணிய மாட்டேன்.

சுற்றிலும் அடைப்பதா, பின்பக்கம் விடுவதா என்ற சச்சரவும் உண்டு. கசிவு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்பக்கத்தை விடும் வழக்கம், தரை நனையாத மேல்நாட்டுக் குளியலறைக்குப் பொருந்தும். நம் வீட்டில் வாளித்தண்ணீர் எல்லாப் பக்கமும் ஓடுகிறது. விடுகிற இடைவெளி வாட்டத்தின் தாழ்ந்த பக்கம் இருக்கட்டும்: மேலிருந்து வரும் தண்ணீர் உள்ளே புகாது, அடியில் கசிந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

என் தீர்ப்பு இதுதான். முதலில் குழாய் இணைப்புக்கு ரப்பர் கனெக்டர். பிறகு ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்து, ஆட்டம் அறவே நின்றபின் போல்ட்டை அளவாக முடுக்க வேண்டும், மிஞ்சினால் பீங்கான் விரியும். கடைசியில், காய்ந்த தரையில், பூஞ்சை பிடிக்காத சிலிக்கான், தாழ்ந்த பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டு. அது இறுக ஒரு நாளாவது வேண்டும். அதுவரை அந்த அறையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேலை முடிந்தது என்று பணம் கொடுப்பதற்கு முன், கிளாசட்டின் இரு பக்கமும் கைவைத்து ஒருமுறை அழுத்தி ஆட்டிப் பாருங்கள்.