பங்கும் நினைவும்: குடும்ப நாவல்களில் பங்கற்றோர் குரல்

முன்னுரை

நிலவுடைமையாளர் ஒருவர் இறந்தபின் அவர்தம் வழியினர் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்போது, கர்நாடகத்தில் 'வம்சவிருட்சம்' என்னும் சான்று தேவைப்படுகின்றது. பாட்டன் தொடங்கிப் பேரன் பேத்தி ஈறாக ஒரு குடும்பத்தின் கிளைகள் அனைத்தும் அத்தாளில் இடம்பெறும். நிலத்தில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்னும் வினாவுக்கே அது விடையளிக்கின்றது.

இத்தாளின் மதிப்பு பெரிதும் உயர்ந்த ஊர்களுள் ஆனேக்கல் வட்டத்தைச் சார்ந்த ஹெப்பகோடியும் ஒன்று. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூர், வேளாண்மைச் சிற்றூராக இருந்து நகராட்சியாக வளர்ந்தது. இதன் அருகில் 1978இல் கியோனிக்ஸ் நிறுவனத்தால் 332 ஏக்கரில் மின்னணு நகர் தொடங்கப்பெற்றது. அடுத்துள்ள பொம்மசந்திரத்தில் தொழிற்பேட்டை எழுந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ இரயில் இவ்வூரை எட்டியது. கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மும்மொழியும் வழங்கும் இவ்வட்டாரத்தில், உழுநிலம் மனையாகவும் மனை பணமாகவும் மாறியது ஓரிரு தலைமுறைகளுக்குள் நிகழ்ந்ததாகும். நிலத்தால் பிணைந்திருந்த கூட்டுக்குடும்பம், நிலம் மாறுகையில் எவ்வாறு தன்னை நினைவில் வைத்துக்கொள்கிறது என்னும் வினாவை இவ்வூர் எழுப்புகின்றது.

இவ்வினாவுக்குத் தமிழ் நாவல் முன்னரே ஒரு விடையைத் தந்துள்ளது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942), கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976), பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) ஆகிய மூன்றும் பொதுவாக வட்டார நாவல்கள் என்றே வகைப்படுத்தப்படுகின்றன. அவ்வகைப்பாடு மொழிநடையை விளக்கும், குடும்பத்தை விளக்காது. நிலத்தில் பங்கற்றவர்களே குடும்பத்தின் நினைவைச் சுமக்கின்றனர் என்பது இம்மூன்றுக்கும் பொதுவான கூறாகும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். கதை நிகழும் காலத்தையொட்டி நாவல்கள் ஈண்டு வரிசைப்படுத்தப்பெறுகின்றன.

நிலம் தேடிய குடும்பம்

'கோபல்ல கிராமம்' தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே பெயர்ந்து, கரிசல் நிலத்தில் காடழித்துக் குடியேறிய மக்களின் வரலாறு. கும்பினியாட்சி வேரூன்றும் காலத்தில் கதை நிகழ்கின்றது. கோட்டையார் வீட்டின் நிலபுலன்களையும் ஊர்க்காரியங்களையும் ஆடவர் நடத்துகின்றனர். ஆயின், குடும்பம் எங்கிருந்து, ஏன் வந்தது என்பதைச் சொல்ல வல்லவள் நூறு வயதைக் கடந்த மூதாட்டி மங்கத்தாயாரு அம்மாள் ஒருத்தியே. சென்னாதேவி என்னும் பெண்ணைக் காக்கவே ஊரைத் துறந்தோம் என்னும் செய்தியும், வழிநடைத் துன்பங்களும் அவள் வாய்மொழியாகவே வெளிப்படுகின்றன.

குடியேற்றத்தின் பயனாகிய நிலம் ஆண்வழியில் இறங்குகின்றது. அதற்குக் காரணமாகிய கதை பெண்வழியில் இறங்குகின்றது. ஒரு குடும்பத்துக்குள் இரு மரபுரிமைகள் உள்ளன என்பதை இந்நாவல் குறிப்பாக உணர்த்துகின்றது. வம்சவிருட்சத் தாளில் முதலாவது மட்டுமே பதிவாகும்.

பங்கு கேட்ட கைம்பெண்

கொங்கு நாட்டுச் சிற்றூரைக் களமாகக் கொண்ட 'நாகம்மாள்' பிரிவினையின் கதை. கணவனை இழந்த நாகம்மாள், தன் பெண் குழந்தையுடன் கொழுந்தன் சின்னப்பனின் குடும்பத்தில் வாழ்கின்றாள். கெட்டியப்பனின் தூண்டுதலும் சேர, நிலத்தில் தனக்குரிய பங்கைப் பிரித்துக் கேட்கின்றாள். பூசல் முற்றிச் சின்னப்பனின் கொலையில் முடிகின்றது.

இந்நாவலை அடங்காத பெண்ணொருத்தியின் வீழ்ச்சியாகக் காணும் போக்கு உண்டு. அக்காலச் சட்டநிலை வேறொரு வாசிப்புக்கு இடந்தருகின்றது. கூட்டுக்குடும்பத்தில் கணவன் பெற்றிருந்த உரிமையைக் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் உரிமையாக அளித்தது 1937ஆம் ஆண்டின் இந்து மகளிர் சொத்துரிமைச் சட்டம். ஆயின், மாகாணங்களின் வேளாண் நிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் 1947இல்தான் அதனை வேளாண் நிலத்துக்கும் விரித்தது. எனவே நாவல் வெளிவந்த 1942இல், நாகம்மாளின் நிலையிலுள்ள பெண்ணுக்குக் காட்டிலும் தோட்டத்திலும் பங்கு கேட்க அச்சட்டம் துணைநிற்கவில்லை. அவளுக்கு எஞ்சியது ஜீவனாம்சமே.

சட்டத்தைப் பற்றிய இச்செய்தியோடு படிக்கையில், நாகம்மாளின் பிடிவாதம் குணக்கேடு என்னும் நிலையிலிருந்து மாறிக் குரலற்றவளின் வழக்காக ஒலிக்கின்றது. சண்முகசுந்தரம் அவளுக்காக வாதாடவில்லை; அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் இல்லை. நாவலின் வலிமை இந்நடுநிலையிலேயே அமைந்துள்ளது.

நிலம் பணமாதல்

'ஏறுவெயில்' மூன்றாம் நிலையைக் காட்டுகின்றது. குடியிருப்புக் காலனி எழுவதற்காக ஓர் உழவர் குடும்பத்தின் நிலம் கைவிட்டுப் போகின்றது. பணம் கைக்கு வருகின்றது. உறவுகள் அப்பணத்தைச் சுற்றி உருமாறுகின்றன. இவையனைத்தையும் வளரும் சிறுவன் ஒருவன் காண்கின்றான். நிலம் இருந்தவரை ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளும் கட்டாயம் குடும்பத்தாருக்கு இருந்தது. உழவுக்கும் அறுவடைக்கும் அனைவரும் தேவைப்பட்டனர். பணத்துக்கு அத்தகைய தேவை இல்லை. வயலைக் கூட்டாக உழலாம். பணத்தைக் கூட்டாகச் செலவிடுவது அரிது.

இந்நாவலை ஹெப்பகோடி போன்ற ஊர்களோடு பொருத்திக் காண்பதற்கான நியாயம் இங்கேயே கிட்டுகின்றது. மாநிலமும் மொழியும் வேறாயினும் நிகழ்வின் அமைப்பு ஒன்றே. இழந்ததை நினைவுகூர்பவன் பணத்தில் பங்கு கேட்கும் வயதடையாத சிறுவன் என்பதும் கருதத்தக்கது.

ஒப்பீடு

மேற்கண்ட கூறு தமிழுக்கே உரியதன்று. பைரப்பா 1965இல் வெளியிட்ட கன்னட நாவலின் பெயரும் 'வம்சவிருட்ச' என்பதே. அதில் குலமரபைப் பேணும் சீனிவாச சுரோத்திரி, தம் பிறப்பே அவ்வம்சத்தைச் சார்ந்ததன்று என இறுதியில் அறிகின்றார். தாளிலுள்ள மரம் பொய்க்கின்றது. அம்மரத்திலிருந்து விலகி மறுமணம் புரிந்த மருமகள் காத்தியாயனியின் துயரமோ மெய்யாக நிற்கின்றது.

'ஏறுவெயில்' வெளிவந்த அதே 1991இல் அமெரிக்காவில் ஜேன் ஸ்மைலியின் 'ஆயிரம் ஏக்கர்' வெளிவந்தது. அயோவா மாநிலத்துப் பண்ணைக் குடும்பமொன்றில், தந்தை தம் நிலத்தை மூன்று மகளிருக்கும் பிரித்தளிக்க முற்படுகின்றார், குடும்பம் சிதைகின்றது. நிலம் முழுவதும் கைநழுவிய பின்னரே மூத்த மகள் அக்கதையைச் சொல்கின்றாள். ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகம் அரசனின் வீழ்ச்சியை மையமாக்க, ஸ்மைலி மகளின் நினைவை மையமாக்கினார். கரிசலும் கொங்கும் அயோவாவும் இப்புள்ளியில் சந்திக்கின்றன.

கருத்தின் எல்லை

இங்கு முன்வைக்கப்பெற்ற கருத்துக்கு ஓர் எல்லை உண்டு. மங்கத்தாயாரு, நாகம்மாள், சிறுவன் ஆகியோர் பங்கற்றவர்களாயினும் குடும்பத்துக்கு உள்ளே இருப்பவர்கள். அந்நிலத்தில் உழைத்த பிறர் எந்தக் கிளையிலும் இடம்பெறுவதில்லை. இக்குறையைப் பெருமாள்முருகனே பின்னர் உணர்ந்து ஈடுசெய்தார் எனக் கருத இடமுண்டு. பண்ணையாளாக ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவனை மையமாகக் கொண்ட 'கூளமாதாரி' (2000) அவ்வகையில் 'ஏறுவெயி'லின் மறுபக்கமாகும்.

முடிவுரை

சட்டம் இன்று வெகுவாக மாறியுள்ளது. மகளிருக்குப் பிறப்புரிமையாகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்களிக்கும் திருத்தம் தமிழகத்தில் 1989இலும், கர்நாடகத்தில் 1994இலும், நாடு முழுமைக்குமாக 2005இலும் நடைமுறைக்கு வந்தது. வம்சவிருட்சத் தாளில் மகளின் பெயர் இன்று வெறும் பெயரன்று; பங்குக்குரிய பெயர். நாகம்மாள் எழுப்பிய வழக்கில் ஒரு பகுதி இவ்வாறு தீர்ந்தது.

ஆயின் பங்கு கிடைக்கும் வேளையில் பங்கிடுதற்குரிய நிலம் விலைபோய்க் கொண்டிருக்கின்றது என்பது ஹெப்பகோடி போன்ற ஊர்கள் உணர்த்தும் முரண். அங்குத் தொழிற்சாலை வேலைக்காக வந்து வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அவ்வூர் வம்சவிருட்சங்கள் எதிலும் இடமில்லை. அவர்களின் தலைமுறைக் கதையை எழுதப் பத்திரமோ பட்டாவோ துணைசெய்யாது. நிலத்தின் வழியே குடும்பத்தைச் சொல்லிய நாவல் மரபு, நிலமே இல்லாத குடும்பத்தை எவ்வாறு சொல்லப்போகின்றது என்பதே அதன்முன் உள்ள வினா. மங்கத்தாயாரு அம்மாளின் கையிலும் பட்டா இருந்ததில்லை; கதைதான் இருந்தது. விடை அங்கிருந்தே தொடங்குதல் கூடும்.