ஹாரி சேப்பினும் கதைப்பாட்டும்

அமெரிக்கப் பாடகர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வெகு சுலபமாகச் செலாவணியாகிவிட்டது. ஹாரி சேப்பின் உத்தமமான மனிதர், ஆனால் சாமானியமான கலைஞர். பசித்தவர்களுக்காக அவர் பட்ட பாட்டைப் போற்றுவோம், அவர் பாடிய பாட்டை விட்டுவிடுவோம் என்பது அது. ஒரே மனிதரை இப்படிப் பாகப்பிரிவினை செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. அவருடைய தொண்டு அவருடைய பாட்டிலிருந்தே பிறந்தது என்பது என் துணிபு.

கதைப்பாட்டு பழைய வித்தை. பேராசிரியர் சைல்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்தளித்த 305 ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாடல்களின் மரபு, அப்பலாச்சிய மலைக்குடிகளின் வாயில் உருமாறி, புழுதிப்புயலில் நிலமிழந்த உழவர்களைப் பாடிய உடி கத்ரியிடம் வந்து சேர்ந்தது வாசகர் அறிந்ததே. கறுப்பினப் பணிப்பெண் ஹாட்டி கரோலின் மரணத்தை 1964இல் அத்தனை நிதானத்துடன் கதையாகச் சொன்ன பாப் டிலனே, அடுத்த ஆண்டுக்குள் படிமங்கள் மண்டிய வேறொரு வழியில் இறங்கிவிட்டார். அவர் பின்னே சென்ற கூட்டமோ கதையைக் கைவிட்டுத் தன் மனத்தையே ஓயாமல் பாடத் தொடங்கி, அதையே ஆழம் என்றும் நம்பிவிட்டது.

ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஜிம் சேப்பினின் மகனும், இலக்கிய விமர்சகர் கென்னத் பர்க்கின் பேரனுமான ஹாரி, அந்தச் சமயத்தில்தான், 1972இல், ஏறக்குறைய ஏழு நிமிஷம் நீளும் ‘டாக்ஸி’யைப் பாடிக்கொண்டு வந்தார். சான் பிரான்சிஸ்கோவின் மழை இரவில் வண்டியோட்டுகிறவன், ஏறிய சீமாட்டி தன் பழைய காதலி என்று அறிகிறான். இரண்டரை டாலர் சவாரிக்கு அவள் இருபது டாலரை நீட்டி மீதியை வைத்துக்கொள்ளச் சொல்ல, அவன் கோபிக்காமல், மறுக்காமல், நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறான். அந்த ஒரு செய்கையில் இரண்டு வாழ்க்கைகளின் தோல்வி அடங்கிவிடுகிறது.

ஆயினும் அவருடைய சிகரம் 1973இல் வந்த ‘மிஸ்டர் டேனர்’ என்பேன். நியூயார்க் டைம்ஸில் ஒரு பாடகரைப் பற்றி வந்த குறுவிமர்சனங்களிலிருந்து பிறந்த பாட்டு அது. ஒஹையோவில் துணி வெளுக்கும் கடை நடத்தும் டேனருக்கு நல்ல கனத்த குரல். ஊரார் தூண்ட, சேமிப்பைச் செலவழித்து நியூயார்க்கில் ஒரு கச்சேரி செய்கிறார். பத்திரிகைகள் நான்கே வரியில் அவரைத் தள்ளிவிடுகின்றன. ஊர் திரும்பியவர், அதன்பின், இரவில் கடை இருண்டபிறகு துணிகளைப் பிரித்து அடுக்கும்போது மட்டும் தமக்குத் தாமே பாடிக்கொள்கிறார். சேப்பின் கதையைச் சொல்லிக்கொண்டே போக, பக்கவாத்தியக்காரர் ஜான் வாலஸ் ஒரு கிறிஸ்துமஸ் கீதத்தை அடியிழையாகப் பாடுவதால், பத்திரிகைகள் நிராகரித்த அந்தக் குரலை நாமே கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு ஆளாகிறோம்.

சேப்பினின் வேறு சில பாட்டுகளில் வாத்திய முழக்கமும் கண்ணீரும் அளவு கடந்தன என்பதை மறுப்பதற்கில்லை. மனைவி சாண்ட்ராவின் கவிதையிலிருந்து உருவாகி 1974இல் முதலிடம் பெற்ற ‘கேட்ஸ் இன் த கிரேடில்’ அவர் புகழுக்கு உதவிய அளவு கலைக்கு உதவவில்லை.

இனி அவருடைய தொண்டுக்கு வருவோம். 1975இல் சேப்பின், பில் ஏர்ஸ் என்ற பாதிரியாருடன் சேர்ந்து ‘வேர்ல்ட் ஹங்கர் இயர்’ ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஒருநாள் நிதி திரட்டிக் கலைந்துபோகும் தர்மத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தானியம் போதாமையால் அன்று, ஏழ்மையாலும் அதிகாரத்தாலும் விளைவதே பசி என்று கண்டு, வாஷிங்டனில் செனட்டர்களின் படிகளை ஏறி இறங்கி, 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் உலகப் பசி பற்றிய கமிஷனை நியமிக்கும்வரை ஓயாமல் உழைத்து, அதில் தாமும் அங்கத்தினரானார். கச்சேரிகளில் ஏறத்தாழப் பாதியைப் பிறருக்காகவே பாடினார். 1981 ஜூலை 16 அன்று, 38ஆம் வயதில், நெடுஞ்சாலை விபத்தில் அவர் மாண்டபோது, அன்று மாலை பாட வேண்டியிருந்ததும் ஓர் இலவசக் கச்சேரிதான். டேனரின் இருண்ட கடையில் நின்று ஒருவனுடைய தோல்வியைக் கேட்கப் பழகிய செவியே, கமிஷன் அறையில் புள்ளிவிவரங்களுக்குப் பின்னாலிருந்த மனிதர்களையும் கேட்டது. தம்மையே பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி வாய்த்திருக்க நியாயமில்லை.

அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் 1987இல் கார்னகி மண்டபத்தில் அவர் பெயரால் வழங்கப்பட்ட விழாவில் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பாடினார். சேப்பின் மறைந்த மறு ஆண்டு ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ என்ற பாடல் தொகுப்பில், பெயரில்லாத எளியவர்களின் தோல்விகள் கதைகளாகச் சொல்லப்பட்டன, விமர்சகர்கள் அதைச் சரியாகவே கொண்டாடினார்கள். அங்கே கலையாகத் தெரிந்தது டேனரிடம் மட்டும் எப்படி மிகையுணர்ச்சியாயிற்று என்பதற்கு அவர்கள்தான் விடை சொல்லவேண்டும்.