ஜோக்கர் ஏன் சாவதில்லை: பேட்மேன் கதைகளின் அறமும் தொடர்கதையின் தேவையும்

பேட்மேனும் ஜோக்கரும் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் மிகவும் அறியப்பட்ட நாயகன்-வில்லன் இணை. பேட்மேன் 1939-ல் டிடெக்டிவ் காமிக்ஸ் இதழின் 27-ஆம் எண்ணில் அறிமுகமானான். ஜோக்கர் 1940-ல் பேட்மேன் பெயரிலேயே தொடங்கிய இதழின் முதல் எண்ணில் வந்தான். ஒருவன் கொல்வதில்லை என்ற உறுதி கொண்டவன். மற்றவன் சிரித்துக்கொண்டே கொல்பவன். ஒவ்வொரு முறையும் ஜோக்கர் பிடிபடுகிறான், தப்புகிறான், மீண்டும் கொல்கிறான். பேட்மேன் அவனை ஏன் கொன்றுவிடவில்லை என்று வாசகர்கள் பல தலைமுறைகளாகக் கேட்டு வருகிறார்கள்.

இக்கேள்விக்குப் பெரும்பாலும் அறம் சார்ந்த பதிலே சொல்லப்படுகிறது. ஆனால் இத்தொடரின் வரலாற்றைப் பார்த்தால், ஜோக்கரைக் காப்பாற்றியது முதலில் அறம் அல்ல, இதழின் தேவை என்பது தெரிகிறது. அந்தத் தேவைக்கு அறத்தின் பெயர் பின்னர்தான் வந்தது. பேட்மேன் கதைகளின் வலிமை, பலவீனம் இரண்டுமே இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் இதழ்

பேட்மேன் முதல் இதழில் ஜோக்கர் இரண்டு கதைகளில் வருகிறான். முதல் கதையில், ஒரு செல்வந்தர் நள்ளிரவில் சாவார், அவருடைய வைரம் களவுபோகும் என்று வானொலியில் அறிவிக்கிறான். காவலர் சூழ்ந்திருக்கும்போதே அவர் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இறக்கிறார். நஞ்சு அவர் முகத்தில் ஒரு கோரச் சிரிப்பை விட்டுச் செல்கிறது. ஜோக்கரின் தோற்றத்துக்கு, 1928-ல் வெளிவந்த ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ என்ற மௌனப்படத்தில் கான்ராட் ஃபைட் ஏற்ற வேடம் ஒரு தூண்டுதலாக இருந்தது. ஜோக்கரைப் படைத்ததில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் பாப் கேன், பில் ஃபிங்கர், ஜெர்ரி ராபின்சன் மூவருக்கும் இடையே கடைசிவரை ஒத்த கருத்து ஏற்படவில்லை.

இரண்டாவது கதையின் முடிவில் நடக்கும் சண்டையில் ஜோக்கர் தன் கத்தியாலேயே குத்துப்படுகிறான். அவன் அங்கே சாவதாகத்தான் கதை எழுதப்பட்டிருந்தது. பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் அதை ஏற்கவில்லை. இத்தகைய வில்லனை ஒரே இதழில் இழக்கக் கூடாது என்று கருதினார். அவர் சொன்னபடி கடைசியில் அவசரமாக ஒரு படம் சேர்க்கப்பட்டது. அதில் மருத்துவர் ஜோக்கருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று வியக்கிறார். ஜோக்கரின் எண்பது ஆண்டுக்கும் மேலான வாழ்வு அந்த ஒற்றைப் படத்தில் தொடங்கியது.

கொல்லாமை விதி

தொடக்ககாலப் பேட்மேன் கொல்லாதவன் அல்ல. முதல் கதையிலேயே அவன் அடித்த அடியில் குற்றவாளி அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான். அதற்காக பேட்மேன் வருந்துவதில்லை. டிடெக்டிவ் காமிக்ஸ் 32-ல், சிவப்புத் தலைமூடி அணிந்த மங்க் என்ற வில்லனைச் சவப்பெட்டியில் கிடக்கும்போதே வெள்ளிக் குண்டுகளால் சுடுகிறான். ஜோக்கர் அறிமுகமான அதே முதல் இதழின் வேறொரு கதையில், விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான்.

இதன்பிறகே பேட்மேன் கொல்லக் கூடாது, துப்பாக்கி ஏந்தக் கூடாது என்று எல்ஸ்வொர்த் வரையறுத்தார். சிறுவர்கள் வாங்கும் இதழ் என்பது அதற்கு ஒரு காரணம். அதே 1940-ல் ராபின் என்ற சிறுவனும் பேட்மேனின் துணைவனாகிவிட்டான். ஆக, நாயகன் கொல்லக் கூடாது, வில்லன் சாகக் கூடாது என்ற இரண்டு முடிவுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மேசையில் எடுக்கப்பட்டவை. பெற்றோரின் கொலையைக் கண்ட சிறுவன் எந்த உயிரையும் பறிக்காதவனாக வளர்ந்தான் என்ற விளக்கம் பின்னாளில் வலுப்பெற்றது. அந்த விளக்கம் பொய் அல்ல. ஆனால் அது விதிக்குப் பின் வந்த காரணம்.

நெறிமுறைக் காலம்

மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தம் காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று 1954-ல் நூல் எழுதினார். அதே ஆண்டு பதிப்பாளர்கள் காமிக்ஸ் நெறிமுறை ஆணையத்தை அமைத்தனர். நன்மையே வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்பவை அதன் விதிகளில் அடக்கம். 1940-களிலேயே மென்மையாகிக்கொண்டிருந்த ஜோக்கர், இப்போது முழுக்க வேடிக்கைத் திருடன் ஆனான். 1966-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் சீசர் ரொமேரோ ஏற்ற ஜோக்கர் இந்த வகையைச் சேர்ந்தவன். ரொமேரோ மீசையை மழிக்க மறுத்ததால் அதன்மேலேயே வெள்ளைச் சாயம் பூசப்பட்டது.

இக்காலக் கதைகளைச் சிறுபிள்ளைத்தனமானவை என்று ஒதுக்குவது வழக்கம். ஆனால் அவற்றில் அறச்சிக்கல் இல்லை. வைரம் திருடுபவனைப் பிடித்துச் சிறைக்கு அனுப்புவதும், அவன் தப்பி மீண்டும் வருவதும் யாருடைய உயிரையும் வாங்குவதில்லை. அது ஒரு விளையாட்டு. சாகாத வில்லனும் கொல்லாத நாயகனும் உரசாமல் பொருந்திய உலகம் அது ஒன்றுதான்.

விளையாட்டில் மரணம்

1973-ல் டென்னிஸ் ஓ’நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த பேட்மேன் 251-ஆம் இதழ் ஜோக்கரை மீண்டும் கொலைகாரனாக்கியது. தன்னைக் காட்டிக்கொடுத்த பழைய கூட்டாளியைத் தேடி, ஒவ்வொருவராகக் கொல்கிறான். இக்கதையில் பேட்மேன் ஒருமுறை அவன் காலடியில் மயங்கிக் கிடக்கிறான். ஜோக்கர் அவனைக் கொல்வதில்லை. இருவருக்கும் இடையிலான ஆட்டம் இல்லாவிட்டால் வெற்றிக்குப் பொருளில்லை என்று விட்டுச் செல்கிறான். தொடர்கதையின் தேவையை ஒரு பாத்திரமே வாய்விட்டுச் சொன்ன இடம் இது. ஆட்டம் பழைய ஆட்டம்தான். ஆனால் இப்போது அதில் பிணங்கள் விழுகின்றன. அவை நாயகனுடையவையோ வில்லனுடையவையோ அல்ல.

விலை கொடுத்தவர்கள்

1988-ல் வெளிவந்த இரண்டு படைப்புகள் இந்த விலையை வெளிப்படையாகக் காட்டின. ஆலன் மூர் எழுதி பிரையன் பொலண்ட் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ கதையில், காவல்துறை ஆணையர் கோர்டனின் மகள் பார்பராவை ஜோக்கர் சுடுகிறான். அவளுடைய கால்கள் செயலிழக்கின்றன. ஒரே ஒரு மோசமான நாள் யாரையும் பித்தனாக்கும் என்று நிறுவ, கோர்டனைக் கடத்திச் சென்று வதைக்கிறான். கோர்டன் உடைவதில்லை. சட்டப்படியே ஜோக்கரைப் பிடிக்க வேண்டும் என்று பேட்மேனிடம் வலியுறுத்துகிறார். கதையின் அறமையம் கோர்டன்தான். ஆனால் பார்பரா தந்தையைச் சோதிக்கும் கருவியாக மட்டுமே நிற்கிறாள். அவளுடைய வலிக்குக் கதையில் இடமில்லை. அடுத்த ஆண்டு ஜான் ஆஸ்ட்ராண்டரும் கிம் யேலும் அவளைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி தகவல் வலையை இயக்கும் ஆரக்கிளாக ஆக்கினார்கள். மூர் விட்டுச் சென்ற குறையை அவர்கள் ஓரளவு நேர்செய்தனர்.

இரண்டாவது படைப்பு, ஜிம் ஸ்டார்லின் எழுதி ஜிம் அபாரோ வரைந்த ‘எ டெத் இன் த ஃபேமிலி’. இதில் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் ஜோக்கரிடம் சிக்குகிறான். அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று வாசகர்களிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. சாக வேண்டும் என்று 5343 வாக்குகள், பிழைக்க வேண்டும் என்று 5271 வாக்குகள். 72 வாக்கு வித்தியாசத்தில் சிறுவன் கொல்லப்பட்டான். கதையின் முடிவில் ஜோக்கர் இருந்த ஹெலிகாப்டர் கடலில் விழுகிறது. உடல் கிடைப்பதில்லை. ராபினின் உயிர் வாக்குக்கு விடப்பட்டது. ஜோக்கரின் உயிர் ஒருபோதும் விடப்படவில்லை.

முடிவுள்ள கதைகள்

தொடராக நீள வேண்டிய கட்டாயம் இல்லாத கதைகளில் ஜோக்கர் சாகிறான் என்பது கவனிக்கத்தக்கது. 1986-ல் ஃப்ராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ முதிய பேட்மேனின் கடைசி நாட்களைச் சொல்கிறது. அதில் பேட்மேன் கொலையின் விளிம்பில் நின்றுவிடுகிறான். ஜோக்கர் தன் கழுத்தைத் தானே முறித்துக்கொண்டு பழியை அவன்மேல் போடுகிறான். டிம் பர்டனின் 1989 திரைப்படத்தில் ஜோக்கர் தேவாலயக் கோபுரத்திலிருந்து விழுந்து இறக்கிறான். கதைக்கு முடிவு உண்டென்றால் வில்லனுக்கும் முடிவு உண்டு. மாத இதழில் மட்டும் அது இல்லை.

மதிப்பீடு

ஜட் வினிக் எழுதிய ‘அண்டர் த ஹுட்’ தொடரில் ஜேசன் உயிருடன் திரும்பி வருகிறான். தன்னைக் கொன்றவன் இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறான் என்று பேட்மேனிடம் கேட்கிறான். கொல்வது எனக்கு மிக எளிது, அந்த எல்லையைத் தாண்டினால் திரும்ப முடியாது என்பதே பேட்மேனின் பதிலின் சாரம். பேட்மேனின் உள்ளத்தை அறிய இது நல்ல பதில். ஆனால் ஜேசன் தன் சாவைப் பற்றிக் கேட்கிறான், பேட்மேன் தன் தூய்மையைப் பற்றிப் பேசுகிறான்.

இதைவிட வலுவான பதில் கோர்டனுடையது. முகமூடி அணிந்த ஒருவன் தானே நீதிபதியும் கொலையாளியும் ஆகிவிட்டால், நகரத்தில் எவருக்கும் பாதுகாப்பில்லை. எனவே பேட்மேன் கொல்லாதது சரி. பிழை வேறிடத்தில் உள்ளது. அவன் பிடித்துக் கொடுத்தவனை வைத்திருக்க வேண்டிய நீதிமன்றமும் ஆர்க்கம் மனநல விடுதியும் ஒவ்வொரு முறையும் தோற்கின்றன. அவை ஏன் தோற்கின்றன என்று இத்தொடர் நேர்மையாகக் கேட்டது மிகக் குறைவு. கேட்டுச் சரிசெய்தால் அடுத்த இதழுக்கு ஜோக்கர் இருக்கமாட்டான். நாயகன் சரியான முடிவை எடுக்கிறான், அது தவறாகவே முடியும்படி அவனுடைய உலகம் அமைக்கப்பட்டிருக்கிறது.

பேட்மேன் கதைகளை வாசிக்கும் மாணவர்கள் கொல்லலாமா கூடாதா என்ற கேள்வியோடு நின்றுவிடத் தேவையில்லை. ஒரு கதையில் யார் சாக அனுமதிக்கப்படுகிறார்கள், யார் அனுமதிக்கப்படுவதில்லை என்பதையும் பார்க்கலாம். துணைவர்கள், மகள்கள், பெயரில்லாத காவலர்கள், வழிப்போக்கர்கள் முதல் பட்டியலில் இருக்கிறார்கள். அட்டைப்படத்தில் இடம்பெறும் இருவர் இரண்டாவது பட்டியலில் இருக்கிறார்கள். 1940-ல் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட அந்த ஒரு படத்தின் கணக்கை அதன்பின் தீர்த்து வந்தவர்கள் முதல் பட்டியலில் உள்ளவர்களே.