சபை இல்லாத ஊர்

நெய்வேலியில் அகலமான சாலைகள் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, வட்டம் வட்டமாகப் பிரித்து எண் போட்ட குடியிருப்புகள் உண்டு. 1956-ல் கம்பெனி பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. கோவிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களையே பார்த்துப் பழகிய நமக்கு, காகிதத்தில் கோடு போட்டுக் கட்டிய இந்த ஊர் இன்றும் கொஞ்சம் அதிசயம்தான்.

இல்லாதது ஊர்ச் சபை. தெருவிளக்கு எரியாவிட்டால் கம்பெனியின் நகர நிர்வாகத்துக்கு மனுக் கொடுக்கலாம். கவுன்சிலரைத் திட்ட முடியாது. பதினோராம் வட்டத்தில் லிக்னைட் ஹால் இருக்கிறதே என்பீர்கள். அது மேடையும் நாற்காலிகளும் உள்ள மண்டபம். மேலே பேசுவார்கள், கீழே கை தட்டலாம்.

பின்லாந்தில் சாய்னட்சாலோ என்று ஒரு தீவு. அதுவும் ஆலையை நம்பிய ஊர்தான், பிளைவுட் ஆலை. ஜனத்தொகை சுமார் மூவாயிரம். அந்தச் சின்ன ஊருக்கு ஆல்வார் ஆல்டோ என்ற சிற்பி 1952-ல் செங்கல்லால் ஒரு நகர மண்டபம் கட்டி முடித்தார். தோண்டிய மண்ணை நடுவே நிரப்பி, முற்றத்தையே ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கிவிட்டார். கீழே கடைகள், முற்றத்தையொட்டி நூலகம், அலுவலகங்கள். செங்கல் சுவர்களுக்கு நடுவே படியேறித் திரும்பினால், அரையிருட்டில் சபைக் கூடம். உயரம் பதினேழு மீட்டர்! ஏழை ஊருக்கு இத்தனை உயரம் எதற்கு என்று கேட்டார்களாம். இத்தாலியில் சியனா நகர மண்டபம் பதினாறு, நாம் பதினேழாகக் கட்டுவோம் என்றாராம் ஆல்டோ.

டாம்பீகமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோவிலுக்கும் அரண்மனைக்கும் கொடுத்த உயரத்தை அவர் ஊர்ப் பேச்சுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். 1993-ல் அந்த ஊரைப் பக்கத்து நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். சபை போயிற்று, கூடம் நிற்கிறது.

நெய்வேலியில் கூடம் கட்டினாலும் உள்ளே உட்கார யாருக்கு உரிமை என்ற கேள்வி வரும். முப்பது வருஷம் உழைத்தவர் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நிலம் கொடுத்த கிராமத்தார் இருப்பதோ டவுன்ஷிப்புக்கு வெளியே. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியபோது, அந்த வழக்கு ரோட்டிலும் கோர்ட்டிலும்தான் பேசப்பட்டது. எத்தனை மீட்டர் உயரமானாலும் சரி, கூரையுள்ள ஓர் இடத்தில் இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பேசியிருக்கலாம்.